இரு படைக்கு நடுவே: ரஞ்சன்குடி, அரியலூர், உடையார்பாளையம் (1744–1765)

சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், பெரம்பலூரை அடைவதற்கு ஏறத்தாழப் பதினேழு கிலோமீட்டர் முன்பாக, சாலையை ஒட்டி ஒரு கோட்டை தென்படும். நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் பேருந்துச் சாளரத்தின் வழியே அதனைக் கண்டு செல்கின்றனர். இறங்கி ஏறிப் பார்ப்போர் மிகச் சிலரே. ரஞ்சன்குடிக் கோட்டை என்பது அதன் பெயர். அருகிலுள்ள வாலிகண்டபுரத்தின் பெயரைக் கொண்டே ஐரோப்பியர் இதனை 'வால்கொண்டா' என்று எழுதினர். 1751ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் இக்கோட்டையின் புறத்தே இரண்டு படைகள் பாளையமிறங்கின. ஒன்று சந்தா சாகிபின் படை. அதனுடன் பிரெஞ்சுக்காரர் இருந்தனர். மற்றொன்று முகமது அலியின் படை. அதனுடன் ஆங்கிலேயர் இருந்தனர். ஆர்க்காட்டிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் பெருவழி இக்கோட்டையின் கண்காணிப்பில் இருந்தமையால், கோட்டை எவர் கையில் சேர்கிறதோ அவர்க்கே வழி என்பது நிலைமை. இரு தரப்பாரும் கோட்டைத் தலைவரான கிலேதாரிடம் தூது விடுத்தனர். அவர் இரு தரப்பாருக்கும் பிடிகொடாத மறுமொழியே சொல்லிக்கொண்டிருந்தார். ஏறத்தாழ இரண்டு வாரங்கள் இவ்வாறே கழிந்தன.

இந்நிகழ்ச்சியை எழுதிவைத்தவர் ராபர்ட் ஓர்ம். சென்னையில் ஆங்கிலக் கம்பெனியின் ஆட்சிக் குழுவில் இருந்தவர், கிளைவின் நண்பர். அவருடைய வரலாற்று நூலின் முதற்பகுதி 1763இல் வெளிவந்தது. அவர் கிலேதாரைப் பதவிப் பெயரால் சுட்டுவதோடு அமைகிறார். பின்வந்தோர் அந்த இரு வாரத் தயக்கத்தைக் கோழைமை என்றோ, வஞ்சகம் என்றோ ஒரு சொல்லில் முடித்துக்கொண்டனர். நம் வட்டார வரலாறுகளும் அவர்களைப் பின்பற்றி, ஒருவரை வீரர் என்றும் மற்றவரைத் துரோகி என்றும் பிரித்துவிட்டு ஓய்ந்துவிடுகின்றன. இந்த இரண்டு பெயர்களுக்குள்ளும் அடங்காத ஒன்று அக்கோட்டை வாயிலில் நிகழ்ந்தது என்பது என் எண்ணம். தமக்குத் தொடர்பே இல்லாத, கடலுக்கு அப்பால் எழுந்த ஒரு போர் தம் வாயிலுக்கு வந்து 'நீ யார் பக்கம்?' என்று கேட்டபொழுது, சிறிய அரசுகள் என்ன விடை சொல்லக்கூடும்? ரஞ்சன்குடி, தஞ்சை, அரியலூர், உடையார்பாளையம் ஆகியவற்றின் இருபதாண்டு வரலாறு அவ்வினாவைச் சுற்றியே அமைந்தது.

போரின் வேர் எங்கிருந்தது என்பதை முதலில் காணவேண்டும். 1740ஆம் ஆண்டில் வியன்னாவில் பேரரசர் ஆறாம் சார்லசு மறைந்தார். அவர்தம் மகள் மரியா தெரசாவின் உரிமை பற்றி வழக்கெழுந்தது. பிரசிய அரசர் பிரடெரிக்கு சைலீசியாவைக் கவர்ந்துகொண்டார். பிரான்சு பிரசியாவின் பக்கமும் இங்கிலாந்து ஆஸ்திரியாவின் பக்கமும் நின்றன. இங்கே ஒரு நுட்பம் கருதத்தக்கது. 1743இல் டெட்டிங்கன் என்னுமிடத்தில் ஆங்கிலப் படையும் பிரெஞ்சுப் படையும் நேருக்கு நேர் பொருதன. ஆயினும் அந்நாளில் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே போர் இல்லை! இருவரும் தத்தம் நட்பரசர்க்குத் துணைப்படையாக வந்தவர்கள், அவ்வளவே. முறையான போர் அறிவிப்பு 1744 மார்ச்சில்தான் வெளிவந்தது. 'யாம் பகைவரல்லேம், எம் நண்பர்க்குத் துணை வந்தேம்' என்னும் இந்த வழக்காறு ஆறாண்டுகளுக்குப்பின் நம் மண்ணில் அப்படியே நடப்பட்டது.

அக்காலத்தில் ஐரோப்பாவிலிருந்து ஒரு செய்தி கப்பலில் வந்துசேர ஆறு திங்கள் ஆகும். போர்ச் செய்தி எட்டியதும் புதுச்சேரி ஆளுநர் டூப்ளே, 'கடலுக்கு அப்பால் நம் அரசர்கள் பொருதாலும் இங்கே நாம் வாணிகத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டா' என்னும் கருத்தில் சென்னைக்கு எழுதினார். சென்னையார் தந்த விடை சாதுரியமானது: கம்பெனியின் கப்பல்கள் தம் பொறுப்பு, அரசரின் போர்க்கப்பல்கள் தம் ஆணைக்கு உட்பட்டவை அல்ல. அவ்வாறே 1745இல் அரசரின் கப்பற்படை வந்து பிரெஞ்சுக் கப்பல்களைக் கைப்பற்றியது. உடனே டூப்ளே ஆர்க்காட்டு நவாபு அன்வருத்தீனை நாடினார். தம் நாட்டெல்லைக்குள் ஐரோப்பியர் ஒருவரையொருவர் தாக்கக்கூடாது என்று நவாபு சென்னையாருக்குத் தெரிவித்தார். அடுத்த ஆண்டு காட்சி மாறிற்று. லா பூர்தொனேயின் கப்பற்படை சென்னையை நெருங்கியது. இம்முறை ஆங்கிலேயர் நவாபை நாடினர். நவாபு தடுத்தபொழுது, சென்னையைப் பிடித்துத் தங்களிடமே ஒப்படைப்போம் என்று டூப்ளே வாக்களித்தார். சென்னை வீழ்ந்தது, வாக்கு நிறைவேறவில்லை. 1746இன் இறுதியில் நவாபின் மகன் மாபூசு கான் தலைமையில் வந்த பெரும்படையை அடையாற்றங்கரையில் ஒரு சிறு பிரெஞ்சுப் படை சிதறடித்தது.

இந்நாள்களின் அன்றாட நிலையை அறிய நமக்கு வாய்த்த அரிய தமிழ்ச் சான்று ஆனந்தரங்கப்பிள்ளையின் நாட்குறிப்பு. 1736 தொடங்கிக் கால் நூற்றாண்டுக்கு எழுதப்பட்டது அது. துபாசி என்னும் இரு மொழியாளர் பதவியில் இருந்தவர் அவர். எனவே வந்த ஓலையும் போன ஓலையும், அரசவை வக்கீல்களின் பேச்சும், பரிசுப் பொருள்களின் விலையும் அவர்தம் காதுக்கும் கைக்கும் எட்டின. பேச்சுத் தமிழில், இலக்கணக் கட்டுப்பாடு பாராமல் எழுதப்பட்டமையால் நம் பாடத்திட்டங்கள் இதனை ஒரு மூலையில் வைத்திருக்கின்றன. உரைநடை வரலாறு எழுதுவோர் ஒரு பத்தியில் கடந்துவிடுகின்றனர். சங்ககாலத்தில் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையாரையும், சோழர் இருவர் முரண்பட்டபொழுது முற்றியவனுக்கும் அடைபட்டவனுக்கும் அறிவுரைத்த கோவூர்கிழாரையும் போற்றும் நாம், பதினெட்டாம் நூற்றாண்டில் அப்பணி கணக்கெழுதும் கைக்கு மாறிவிட்டதைக் கவனிக்கவில்லை.

1748 அக்டோபரில் ஐரோப்பாவில் அமைதி உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. வட அமெரிக்காவிலுள்ள லூயிபர்க்குக் கோட்டைக்கு மாற்றாகச் சென்னை ஆங்கிலேயருக்குத் திருப்பித் தரப்பட்டது. பனி உறையும் கடற்கரைக் கோட்டை ஒன்றும் நம் சென்னையும் ஒரே தராசின் இரு தட்டுகளில்! இதில் ஆர்க்காட்டாரை எவரும் ஒரு சொல்லும் கேட்கவில்லை என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இனி இரு கம்பெனிகளுக்கும் போரிட உரிமை இல்லை. ஆனால் போருக்கென வந்த படைவீரர் கையில் இருந்தனர். அதே ஆண்டு ஐதராபாத்து நிஜாம் மறைய, அவர்தம் மகன் நாசிர் சங்கும் மகள்வழிப் பேரன் முசாபர் சங்கும் பட்டத்திற்குப் போட்டியிட்டனர். மராட்டியர் சிறையிலிருந்து மீண்ட சந்தா சாகிபு ஆர்க்காட்டு நவாபு பதவியைக் கோரினார். டெட்டிங்கனில் கண்ட வழி இங்கே மீண்டும் திறந்தது. பிரெஞ்சுக்காரர் முசாபர் சங்குக்கும் சந்தா சாகிபுக்கும் 'துணை'; ஆங்கிலேயர் நாசிர் சங்குக்கும் முகமது அலிக்கும் 'துணை'. லண்டனும் பாரிசும் அமைதியில் இருக்க, கர்நாடகம் எரிந்தது. துணைவர் யார், தலைவர் யார் என்பது விரைவிலேயே தலைகீழாயிற்று.

சிறிய அரசர்கள் இதற்கு எதிர்வினையாற்றிய முறைகளுள் தஞ்சை மன்னர் பிரதாப சிங்கின் முறை சுவையானது. 1749இன் இறுதியில் சந்தா சாகிபும் முசாபர் சங்கும் பிரெஞ்சுப் படையோடு வந்து தஞ்சையை முற்றினர். மன்னர் எழுபது இலட்சம் ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டபின் தரத் தொடங்கினார், மிக மெதுவாக! ஒரு நாள் பழைய பொற்காசு வரும். அதனை மதிப்பிட வேண்டும். மறுநாள் வெள்ளித் தட்டு வரும், நிறுக்க வேண்டும். பின்னர் அணிகலன் வரும். விலை பேச வேண்டும். இவ்வாறு எண்ணுவதிலும் நிறுப்பதிலும் நாள்கள் கரைய, நாசிர் சங்கின் பெரும்படை தெற்கு நோக்கி வருகிறது என்னும் செய்தி எட்டியது. முற்றியிருந்தோர் கூடாரத்தைக் கிளப்பிக்கொண்டு புறப்பட்டனர். ஒரு நகரைக் காக்கத் தராசையும் உரைகல்லையும் கருவியாக்கிய இந்த அரசியலைக் கஞ்சத்தனம் என்று எழுதியோர் உண்டு. என் கண்ணுக்கு அது தேர்ந்த தூதுத் திறன். ஆயினும் அதற்கும் ஒரு விலை இருந்தது. அந்தக் கடனின் எஞ்சிய பகுதி ஐம்பத்தாறு இலட்சத்திற்கான ஆவணமாகப் பிரெஞ்சுக்காரர் பெட்டியில் தங்கியது. 1758இல் தளபதி லாலி அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மீண்டும் தஞ்சை வாயிலுக்கு வந்தார்.

இப்பொழுது ரஞ்சன்குடிக்குத் திரும்புவோம். 1751 ஜூலையில் கிலேதார் எதனை எண்ணியிருப்பார்? 1749 ஆகஸ்டில் ஆம்பூர்ப் போரில் நவாபு அன்வருத்தீன் மாண்டார். 1750 டிசம்பரில் நாசிர் சங்கு கொல்லப்பட்டார். 1751இன் தொடக்கத்தில் முசாபர் சங்கும் மாண்டார். இரண்டு ஆண்டுக்குள் மூன்று தலைவர்கள். மூவரும் பட்டயம் வழங்கும் உரிமை தமக்கு உண்டென்றவர்கள். யாருடைய ஆணைக்குக் கோட்டைத் திறவுகோலைக் கொடுப்பது? இன்று அமர்ந்தவன் நாளை இருப்பான் என்பதற்கு என்ன உறுதி? காலந்தாழ்த்துவதே அவர் கையிலிருந்த ஒரே படைக்கலம்.

புறத்திணை பாடம் நடத்தும்பொழுதெல்லாம் எனக்கு இந்தக் கிலேதார் நினைவு வருவதுண்டு. மதிலை முற்றுவோன் உழிஞை சூடுவான். காப்போன் நொச்சி சூடுவான். எதிரெதிர் நின்று பொருவோர் இருவரும் தும்பை சூடுவர். வெளியே இருவர் நிற்க, இருவர்க்கும் பகைவன் ஆகாமலும் இருவர்க்கும் நண்பன் ஆகாமலும் உள்ளே இருந்து கதவை மூடியிருப்பவன் எந்தப் பூவைச் சூடுவான்? வகுப்பில் இதனைக் கேட்டபொழுது மாணவி ஒருத்தி, 'அவனுக்குப் பூச்சூட நேரம் ஏது அம்மா?' என்றாள். நம் இலக்கணிகள் அவனுக்கென்று ஒரு திணை வகுக்கவில்லை. தம் சார்பைத் தெளிவாகச் சொல்லிவிட்டு மடிபவரையே பாடிப் பழகிய மரபு நம்முடையது.

இரண்டு வாரத்திற்கு மேல் பொறுக்க ஆங்கிலத் தளபதி ஜின்ஜனுக்கு மனமில்லை. ஒரு மாலைப்பொழுதில் தாக்க ஆணையிட்டார். அடிவாரத்துப் பேட்டை தீக்கிரையாயிற்று. கற்கோட்டையை ஏற முடியவில்லை. பேட்டையில் குடியிருந்தோர் என்ன ஆயினர் என்பதை வென்றோரும் எழுதவில்லை, தோற்றோரும் எழுதவில்லை. தம்மைத் தாக்கியவர் இன்னார் என்றானபின் கிலேதாருக்குத் தயக்கம் நீங்கிற்று. பிரெஞ்சுக்காரரைத் துணைக்கு அழைத்தார். மறுநாள் நிகழ்ந்த போரில் ஆங்கிலப் படையின் ஐரோப்பிய வீரர்கள் வெட்கமின்றி ஓடினர் என்பது அவர்கள் இனத்து வரலாற்றாசிரியரே எழுதிய செய்தி. அப்படையிலிருந்த ஆப்பிரிக்க வீரர்கள் மட்டும் நிலைத்து நின்றனர். முகமது அலியின் தம்பி அப்துல் வகாபு, ஓடிவந்தோரை அவர்களைக் காட்டி இழித்துரைத்தார் என்றும் அறிகிறோம். கிளைவும் அன்று அந்தப் படையில் இருந்தவரே. ஊட்டத்தூர், கொள்ளிடம், திருவரங்கம் என்று பின்வாங்கிய படை இறுதியில் திருச்சிராப்பள்ளி மதிலுக்குள் ஒடுங்கியது. அந்தத் தோல்வியின் நெருக்கடியில்தான் ஆர்க்காட்டைத் தாக்கும் எண்ணம் செயலாயிற்று. பாடநூல்கள் ஆர்க்காட்டு முற்றுகையிலிருந்து கதையைத் தொடங்குகின்றன, ரஞ்சன்குடி விடுபட்டுவிடுகிறது.

ஓராண்டு கழிந்தது. 1752 ஜூனில் பிரெஞ்சுத் தளபதி தொத்தேல் இதே இடத்தில் கிளைவிடம் சரணடைந்தார். முன்னைய ஆண்டு பிரெஞ்சுக்காரருக்குத் துணைநின்ற கோட்டை இம்முறை அவர்களைக் காக்கவில்லை. அதே நாள்களில் சந்தா சாகிபு தஞ்சைத் தளபதி மானோஜியின் ஆணையால் கொல்லப்பட்டார்.

துணைக்கு வந்தோர் அனைவருக்கும் ஒவ்வொரு வாக்குறுதி தரப்பட்டிருந்தது. திருச்சிராப்பள்ளியையே தருவதாக முகமது அலி மைசூர்த் தளவாய் நஞ்சராசருக்கு வாக்களித்திருந்தார். வெற்றி கிட்டியதும் வாக்கு மறந்தது. நஞ்சராசர் பிரெஞ்சுக்காரர் பக்கம் சென்றார். தஞ்சை மன்னர் இரு பக்கமும் பார்த்துத் தயங்கி நின்றார். 1754இல் பிரெஞ்சுக்காரர் கோவிலடியருகே காவிரியையும் கொள்ளிடத்தையும் பிரிக்கும் கரையை வெட்டிவிட்டனர். தஞ்சைக்குச் செல்லவேண்டிய நீர் கொள்ளிடத்தில் வீணாக ஓடியது. தயக்கத்தைத் தண்டிக்க இதைவிடக் கொடிய வழி காவிரி நாட்டில் வேறில்லை. அதன்பின் மன்னர் ஆங்கிலேயரை இறுகப் பற்றிக்கொண்டார்.

1754 ஜனவரியில் டச்சுக்காரர் ஊராகிய சதுரங்கப்பட்டினத்தில் இரு கம்பெனியாரும் கூடிப் பேசினர். யார் முறையான நவாபு என்பது வழக்கு. பிரெஞ்சுக்காரர் காட்டிய பட்டயங்களைப் போலி என்று ஆங்கிலேயர் தள்ளினர். பேச்சு முறிந்தது. போர்ச்செலவு தாங்காத பாரிசு, டூப்ளேயைத் திரும்ப அழைத்துக் கோதேயை அனுப்பிற்று. 1754இன் முடிவில் ஏற்பட்ட தற்காலிக உடன்படிக்கையில், இரு கம்பெனியாரும் நவாபு முதலிய பட்டங்களைத் துறப்பதென்றும் நாட்டரசர்களின் சண்டைகளில் தலையிடுவதில்லை என்றும் எழுதிக்கொண்டனர். மை உலர்ந்து சில வாரங்கள்கூட ஆகவில்லை. 1755 பிப்ரவரியில் ஆங்கிலப் படை நவாபின் கப்பம் தண்ட மதுரை, திருநெல்வேலிச் சீமைகளுக்குள் நுழைந்தது. 'நாங்கள் தலையிடவில்லை, நண்பரின் வரிப்பணத்திற்குத் துணை செல்கிறோம்' என்பது விளக்கம். பிரெஞ்சுக்காரர் அதே விளக்கத்தை எடுத்துக்கொண்டு துறையூர்ப் பாளையத்துள் புகுந்தனர். அங்கிருந்து அரியலூர், உடையார்பாளையம் நோக்கித் திரும்பினர்.

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட அடர்காடு அன்று இவ்விரு பாளையங்களின் அரண். அரியலூரில் ஒப்பில்லாத மழவராயர் என்னும் பட்டம் தரித்தோரும், உடையார்பாளையத்தில் காலாட்கள் தோழ உடையார் என்னும் பட்டம் தரித்தோரும் ஆண்டனர். கடற்கரையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குப் படை செல்லவும் உணவுப் பொருள் செல்லவும் இக்காடுகளின் ஓரத்தைத் தொட்டே ஆகவேண்டும். இவ்விருவரும் முடிந்தமட்டும் எவர்க்கும் முழுமையாக ஆட்படாமல், கேட்டவர்க்குச் சிறிது கொடுத்தும், கொடுப்பதாகச் சொல்லியும் காலங்கழித்தனர். காடு அவர்களுக்குத் தஞ்சை மன்னரின் தராசு போல உதவிற்று.

1755இல் பிரெஞ்சுப் படை நெருங்கியபொழுது சென்னை ஆட்சிக்குழு குறுக்கிட்டது. இப்பாளையக்காரர் இருவரும் நவாபின் கீழ்ப்பட்டவர்கள். ஆகவே பிரெஞ்சுக்காரர் இவர்களிடம் கப்பம் கேட்க இயலாது என்றது. திருச்சிராப்பள்ளியிலிருந்த ஆங்கிலப் படைக்குத் துணை செல்ல ஆணை போயிற்று. பிரெஞ்சுக்காரர் திரும்பினர். அரியலூரும் உடையார்பாளையமும் அன்று பிழைத்தன. ஆனால் எந்தச் சொல்லால் பிழைத்தன என்பதை நோக்கவேண்டும். தாமே ஒருபொழுதும் முழுமையாக ஒப்புக்கொள்ளாத 'நவாபின் கீழ்ப்பட்டோர்' என்னும் பெயரை அவர்களுக்காக மற்றொருவர் சொன்னார், அவர்கள் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் பிரெஞ்சுப் பீரங்கி வாயிலில் நின்றது. அவர்கள் இடத்தில் நாம் இருந்தாலும் மறுத்திருக்க மாட்டோம்.

அடுத்த ஆண்டே ஐரோப்பாவில் ஏழாண்டுப் போர் மூண்டது. அது இங்கு நிகழ்த்திய அழிவுகள் பலரும் அறிந்தவை, விரிப்பின் பெருகும். 1761 ஜனவரியில் புதுச்சேரி வீழ்ந்தது; அதற்குச் சில நாள்களுக்கு முன்னரே ஆனந்தரங்கப்பிள்ளை மறைந்துவிட்டார். 1763 பிப்ரவரியில் பாரிசு உடன்படிக்கை ஏற்பட்டது. அதன் பதினோராம் விதி, முகமது அலியைக் கர்நாடகத்தின் முறையான நவாபு என்றும், சலாபத்து சங்கைத் தக்காணத்தின் முறையான சுபேதார் என்றும் இரு வல்லரசுகளும் ஏற்றுக்கொள்வதாகக் கூறியது. சலாபத்து சங்கோ, அதற்கு முன்னரே தம் தம்பியால் பதவி இழந்து சிறையில் கிடந்தார்! உடன்படிக்கை கையெழுத்தான அதே ஆண்டு சிறையிலேயே கொல்லப்பட்டார். தொலைவிலிருந்து வழங்கப்படும் அங்கீகாரத்தின் இயல்பை விளக்க இதைவிடப் பொருத்தமான சான்று எனக்குத் தெரியவில்லை.

முகமது அலிக்கோ அந்த விதி பெரும்பேறு. பாரிசில் பெயர் எழுதப்பட்டவர் அல்லரோ! கம்பெனிக்குத் தரவேண்டிய போர்க்கடன் மலைபோல் நின்றது. அதனைத் தீர்க்கப் பாளையங்களின் கப்பம் வேண்டியிருந்தது. பிரெஞ்சுக்காரர் இல்லாத நாட்டில் பாளையக்காரர் தயங்கிநின்று பேரம் பேச மறுகரையும் இல்லை. 1765 ஜனவரியில் நவாபின் படை ஆங்கிலப் படையோடு சேர்ந்து வந்து, கப்பப் பாக்கியைக் காரணங்காட்டி அரியலூரையும் உடையார்பாளையத்தையும் ஒரே திங்களில் கைப்பற்றியது. பாளையக்காரர்கள் வெளியேறினர். நவாபின் கீழ்ப்பட்டோர் என்னும் அதே சொல்தான் இப்பொழுதும் ஆவணத்தில் நின்றது. பத்தாண்டுக்குமுன் அது கேடயம், இப்பொழுது வாள். அரியலூர் மழவராயரைக் காத்த கம்பெனியும் அழித்த கம்பெனியும் ஒன்றே. அதன் வாதத்தில் ஒரு முரண்பாட்டையும் எவரும் காட்டவியலாது.

1751இல் ரஞ்சன்குடிக் கிலேதார் எதற்காகத் தயங்கினாரோ, அதே அச்சமே 1765இல் மெய்யாயிற்று. இரு படைகள் உள்ளவரைதான் நடுவே நிற்பவனுக்குப் பேச்சு உண்டு. ஒரு படை கப்பலேறியபின், அவனிடம் தூது வருவதில்லை, தண்டல்காரனே வருகிறான். அவர்களது தயக்கத்தை இகழ்ந்து எழுதியோர் அனைவரும் அந்த இரண்டாம் நிலை ஏற்பட்டபின் எழுதியவர்கள் என்பதை மறத்தலாகாது.

1801இல் நவாபின் நாடும் கம்பெனி வசமாயிற்று. துணையென வந்தோரின் துணை அவ்வாறு நிறைவெய்தியது. 1817இல் அரியலூர், உடையார்பாளையம் குடும்பத்தாருக்குச் சில ஊர்கள் மட்டும் ஜமீனாக மீண்டும் வழங்கப்பட்டன. அரைநூற்றாண்டிற்குப்பின், உ.வே. சாமிநாதையர் சிறுவராக அரியலூரில் தமிழ் கற்றார். அவர்தம் தந்தையார் வேங்கடசுப்பையர் உடையார்பாளையம் ஜமீனின் ஆதரவு பெற்ற இசைவாணர். படையும் கப்பமும் கைவிட்டுப்போன அந்த அரண்மனைகளில் அப்பொழுது எஞ்சியிருந்தவை பாட்டும் தமிழும் சில பழைய பட்டப்பெயர்களும்.